சில்லஹல்லா அணை வந்தால் படகு யாருக்கு, கரை யாருக்கு?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2025

எங்கள் ஹட்டி, அதாவது படுகர் ஊர், நீலகிரியில் சில்லஹல்லா ஓடைக்கு மேலே இருக்கிறது. நீரேற்று மின்திட்டம் வரும், வராது என்று வருடக்கணக்காகப் பேச்சு. வந்தே தீரும் என்றால் சும்மா விடக் கூடாது. படகு இல்லம், பூங்கா, விலங்கு பார்க்கக் கோபுரம், தங்கும் குடில் எல்லாவற்றையும் இப்போதே திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் எங்கள் பையன்கள். பைக்காராவில் எப்படிக் கூட்டம் குவிகிறது! நம் ஊருக்கும் நாலு காசு வரட்டுமே. மனுவில் என்னென்ன கேட்கலாம்?

4 மார்ச், காலை

தம்பி, படகைக் கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேக்கத்தில் நீர்மட்டம் ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் ஏறி இறங்கும் என்ற கணக்கு. அது கையில் இல்லாமல் எழுதுகிற மனு, மாப்பிள்ளை பெயரில்லாத கல்யாணப் பத்திரிகை.

நான் குந்தா பக்கத்து மின்வாரியக் கேம்ப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணைச் சுவரில் பெயிண்டில் எழுதிய அளவுகோலை டார்ச் அடித்துப் படித்து ரிஜிஸ்டரில் ஏற்றுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் எந்த ஏரியைப் பார்த்தாலும் அழகுக்கு முன்னால் மட்டம்தான் கண்ணில் படும். பைக்காரா, எமரால்டு, மேல்பவானி எல்லாம் சேமிப்பு அணைகள். தென்மேற்குப் பருவத்தில் நிறையும், கோடைக்குள் மெல்ல இறங்கும். மாதக்கணக்கில் நடக்கிற விஷயம். நீரேற்றுத் திட்டம் அப்படி இல்லை. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ்த் தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை எகிறுகிற நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இன்றைக்கு ஏறியது இன்றைக்கே இறங்கலாம். காலை பத்து மணிக்குப் படகு கட்டிய படித்துறை சாயங்காலம் சேற்றில் நிற்கும்.

குந்தா பக்கம் காட்டுக்குப்பையில் இப்போது கட்டிக்கொண்டிருப்பது 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம். அதன் மேல்தேக்கம் போர்த்திமந்து, கீழ்த் தேக்கம் அவலாஞ்சி-எமரால்டு. இரண்டும் ஏற்கனவே இருப்பவை. சில்லஹல்லாவில் பேசுவது 1000 மெகாவாட், அதற்கு அணையே புதிதாகக் கட்ட வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச வேண்டாம்.

4 மார்ச், இரவு

பைக்காராவில் கூட்டம் குவிகிறதே என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். குவிகிறது. அங்கே மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது, படகுக் கூட்டம் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. ஊட்டி–கூடலூர் நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. உங்கள் பள்ளத்தாக்கில் கேரட் ஏற்றி வருகிற லாரி எதிரே வந்தால் பஸ் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் அதை யோசியுங்கள்.

6 மார்ச்

நமக்கு அணை என்றாலே பூங்கா. மேட்டூர், வைகை, சாத்தனூர் என்று சின்ன வயதில் போன சுற்றுலாவெல்லாம் அணைக்குத்தான். அணையைப் பார்த்தோமா என்பது வேறு. பூங்காவில் சறுக்குமரம், வெளியே வாழையிலைத் துண்டில் மீன் வறுவல், வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் எண்ணெய் வாசனை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சமவெளியில் வெயிலில் காய்ந்து கிடக்கிற ஊர்க்காரனுக்கு அணைப் பூங்காதான் குளிர்ச்சி.

ஆனால் அந்த அச்சை அப்படியே மலை ஏற்றுகிறார்கள். சிமெண்ட் மான், சிமெண்ட் யானை, கலர் விளக்கு, இதய வடிவத்தில் ஒரு செல்ஃபி வளையம். இங்கே சாயங்காலமானால் நிஜக் காட்டுமாடு டீக்கடை வாசலில் வந்து நிற்கிறது. டீ மாஸ்டர் பாலைக் கொதிக்க விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறார். அந்த ஊருக்குச் சிமெண்ட் மான் எதற்கு?

மலையின் குளிர்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். இங்கே வருகிறவனுக்குத் தேவை உட்கார ஒரு இடம், நடக்க ஒரு பாதை, போக ஒரு கழிப்பறை. கழிப்பறை பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

7 மார்ச்

"அணை வந்தால் விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைக்குமே, அது நல்லதுதானே" என்று ஒருவர். மசினகுடி பக்கம் மரவகண்டி அணையில் யானை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தவர் போலிருக்கிறது. அங்கே அது சரி. மழைநிழல் காடு, கோடையில் ஓடைகள் வற்றும், தேங்கிய தண்ணீருக்கு மதிப்பு உண்டு. குந்தா பக்கத்து மேல்மலையில் விலங்குக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது, ஒவ்வொரு மடிப்பிலும் ஊற்று இருக்கிறது. இங்கே பஞ்சம் புல்லுக்கும் வழிக்கும்தான். பாதிப் புல்வெளியைச் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தின்றுவிட்டன, மீதியைத் தேயிலையும் காய்கறியும் எடுத்துக்கொண்டன. அணை நீர் மூடப்போவது பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை. இரவில் காட்டுமாடு ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கடக்கிற சமதரை அதுதான்.

அப்புறம் கரை. சேமிப்பு அணையில் கோடையில் நீர் மெல்ல இறங்கும்போது ஈரமான மண்ணில் புது இளம்புல் முளைக்கும். கடமானும் காட்டுமாடும் அதை மேயக் கரைக்கு வரும், வாலாட்டிக் குருவிகள் அந்த ஈரத்தில் ஓடித் திரியும். எமரால்டில் ஏப்ரலில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் நாள்தோறும் ஏறி இறங்குகிற கரையில் புல் வேர் பிடிக்கவே நேரமில்லை. வழுக்குச் சேறுதான் மிஞ்சும்.

ஒரு கோடையில் எங்கள் கேம்ப்புக்குக் கீழே, ஓடை வந்து அணையில் சேர்கிற முகத்தில், ஒரு எருமை சிக்கிக்கொண்டது. மேலே பார்த்தால் காய்ந்து வெடித்த தரை. காலை வைத்தால் உள்ளே களி. வயிறு வரை இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் ஆழப் போனது. பலகையையும் தைலமரக் கிளைகளையும் பரப்பி, அதன் மேல் ஒருவன் குப்புறப் படுத்துக்கொண்டு போய் வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்தான். வெளியே வந்ததும் எருமை எதுவும் நடக்காத மாதிரி மேயப் போய்விட்டது. கயிறு கொடுத்தவனுக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல்.

காய்கறித் தோட்டச் சரிவுகளிலிருந்து மழைக்கு மண் இறங்குகிற பள்ளத்தாக்கில் இந்த வண்டல் முகம் இன்னும் வேகமாக வளரும். திட்ட வரைபடத்தில் அந்த முகத்தில்தான் பெரும்பாலும் "பிக்னிக் ஸ்பாட்" என்று பச்சை அடிப்பார்கள், சமதரை என்பதால். அங்கே வேலிகூட வேண்டாம். பாதையே போகாமல் இருந்தால் போதும்.

9 மார்ச், காலை

பறவை பார்க்கிற கோத்தகிரி அக்கா எழுதியிருப்பது நியாயம்: "எல்லாம் மோசம் என்றால் என்னதான் கேட்பது?" சரி, கேட்க வேண்டியவை.

நீர் நிறைப்பதற்கு முன்னால் பள்ளத்தாக்கில் உள்ள மரங்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். படகுத்துறைப் பக்கம் அது அவசியம். முழுகிய மரமும் பழைய முள்வேலிக் கம்பியும் நீச்சல்காரனின் காலைச் சுற்றுவதற்கென்றே கிடக்கும். ஆனால் ஓடைமுகத்தில் கொஞ்சம் மரத்தை நிற்க விடச் சொல்லலாம். தேக்கடியில் பாருங்கள், பெரியாறு அணை 1895இல் வந்தது. அன்றைக்கு முழுகிய மரங்களின் மொட்டை உடல்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன, நீர்க்காகங்கள் அவற்றின் மேல் இறக்கை விரித்துக் காயவைக்கின்றன. யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. வெட்டாமல் விட்டது, அவ்வளவுதான்.

முக்குளிப்பான் கூட்டை மிதக்கவிட்டுக் கட்டும் பறவை. நீர்ச்செடியோடு சேர்த்துக் கட்டிய கூடு அது. ஸ்பீடு போட் ஒரு தடவை வளைந்து போனால் அலை கூட்டுக்கு மேலே ஏறிவிடும். பெடல் படகும் துடுப்புப் படகும் அவ்வளவு கெடுதல் இல்லை. எனவே படகு உண்டா இல்லையா என்று மொத்தமாகக் கேட்காமல், எந்தப் படகு, எந்த எல்லை வரை என்று கேளுங்கள். அணைச் சுவர்ப் பக்கம் மனிதனுக்கு, ஓடைமுகம் விலங்குக்கு. நடுவில் மிதவைக் கயிறு. நான் சொல்ல நினைத்ததில் பாதி இந்த ஒரு வரிதான்.

இன்னொன்று, நீர்நாய். மேல்மலை ஓடைகளில் சின்ன நகம் கொண்ட நீர்நாய் உண்டு. நண்டைத் தின்று பாறை மேல் எச்சம் வைத்துவிட்டுப் போகும். அதற்கு வேண்டியது ஓடுகிற தண்ணீர். அணைக்குக் கீழே ஓடையை வறட்டுப் பாறையாக விடாமல் எவ்வளவு நீர் விடுவார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். விலங்கு வசதி என்று கோபுரம் கட்டுவதைவிட இது பெரிய வசதி.

9 மார்ச், மாலை

"தேக்கடி மாதிரி படகிலிருந்தே யானை பார்க்கலாமே" என்று உடனே ஒரு கை தூக்கல். 2009 செப்டம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கு பார்க்கிற படகில் ஒரு சிக்கல் உண்டு: "அதோ" என்று ஒருவர் கத்தினால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். நம் பள்ளத்தாக்கு இன்னும் குறுகல், கரை செங்குத்து, தண்ணீர் பனிக்கட்டி. மிதவைச் சட்டையை மாட்டாமல் தோளில் போட்டுப் போட்டோ எடுக்கிற ஆட்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

12 மார்ச்

கழிப்பறைக் கதை.

ஊட்டி ஏரி கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் வெட்டியது. நல்ல தண்ணீர்தான். பிற்காலத்தில் நகரத்துச் சாக்கடையெல்லாம் கோடப்பமந்து கால்வாய் வழியாக அதில் இறங்கியது, ஆகாயத்தாமரை பரவியது, தூர்வாருகிற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வரும். மலையில் தண்ணீர் கீழே ஓடும் என்பது யாருக்கும் தெரியாததல்ல, ஆனாலும் கழிப்பறையைத் தண்ணீருக்கு மேலேதான் கட்டுவார்கள், "வியூ" நல்லா இருக்குமாம்.

சில்லஹல்லாவுக்கு என் யோசனை: வண்டி நிறுத்தம், கழிப்பறை, கடை மூன்றும் அணைச் சுவருக்குக் கீழ்ப்பக்கத்து மேட்டில் இருக்கட்டும். தொட்டி கசிந்தாலும் தேக்கத்துக்குள் போகாது. ஆனால் ஆற்றுப் படுகைக்கு இறங்கப் படி வைக்கக் கூடாது. மின்நிலையத்தில் தண்ணீர் விடுகிற நேரம் குளிக்கிறவனுக்குத் தெரியாது. சைரன் ஊதினால் நின்று வேடிக்கை பார்ப்பான்.

குப்பைத்தொட்டியை யாரும் வனவிலங்கு வசதி என்று எழுத மாட்டார்கள். நான் அதைத்தான் முதலில் எழுதுவேன். நம் பக்கத்துக் கரடி கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கிறது, பேக்கரிக்குள் புகுந்து பன்னை எடுக்கிறது. திறந்த டிரம்மில் பிரியாணி எலும்பைப் போட்டுவைத்தால் ஒரே சீசனில் அது அந்த இடத்தைப் பழகிவிடும். பழகிய கரடி ஒரு நாள் யாரையாவது அறையும், அப்புறம் கூண்டு வைப்பார்கள். மூடி கனமாக, கொக்கி உள்பக்கமாக, கரடியின் நகம் நுழையாத இடைவெளியில், தரையில் கான்கிரீட்டோடு பிணைத்த இரும்புப் பெட்டி. சாயங்காலத்துக்குள் காலி செய்ய ஆள். ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி மட்டும் திறப்புவிழா காணும்.

13 மார்ச்

மீன் விடலாமா என்றவருக்கு: வெள்ளைக்காரன் நூறு வருடத்துக்கு முன்னால் டிரவுட் மீனைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்தான். தூண்டில் போடுகிற ஆசைக்கு. நாள்தோறும் மட்டம் மாறுகிற தேக்கத்தில் ஆழமில்லாத கரையில் இடுகிற முட்டை மதியத்துக்குள் காய்ந்துபோகும். தூண்டில் போட ஆசைப்படுகிறவர் மேட்டூரில் வறுவல் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

16 மார்ச்

இந்த வாரம் உயர் நீதிமன்றம் சொன்னதைப் பார்த்தீர்களா? ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. போன வருடம் மே மாதம் இ-பாஸ் வந்தபோது எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, இப்போது வந்துவிட்டது. மலைக்கே வரம்பு என்கிறபோது புதிதாக ஒரு சுற்றுலா இடம் திறப்பதற்கு என்ன பொருள்? புது ஆள் வர மாட்டான். ஊட்டியில் இருக்கிற அதே வண்டி உங்கள் ஹட்டிச் சாலைக்குத் திரும்பும். அதனால் வருமானக் கணக்கு போடும்போது பைக்காராவின் கூட்டத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள்.

வருமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமான பாகப்பிரிவினை இது: தண்ணீர் மின்வாரியத்துக்கு, கரை வனத்துறைக்கு, படகு சுற்றுலாத் துறைக்கு, குப்பை ஊராட்சிக்கு. உங்கள் பையன்களுக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தில் படகு ஓட்டுகிற வேலை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி ஆடியில் யார் படகு ஏறுவார்?

தேக்கடியில் ஒன்று நன்றாக நடந்தது. காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களை 1990களின் பிற்பகுதியில் குழுவாக்கி வழிகாட்டிகளாக மாற்றினார்கள். காடு தெரிந்தவன் கூட்டிக்கொண்டு போகிறான், காசு குழுவுக்குப் போகிறது. நடைக்கு அணை மட்டம் எதுவும் தடையில்லை. உங்கள் மனுவில் படகை அடித்துவிட்டு இதை எழுதலாம்.

18 மார்ச்

காட்டமான பதில் ஒன்று வந்திருக்கிறது: "நாங்கள் அணையே வேண்டாம் என்று போராடுகிறோம். நீங்கள் உட்கார்ந்து குப்பைத்தொட்டிக்குக் கொக்கி எந்தப் பக்கம் என்று எழுதுகிறீர்கள். இது அவர்களுக்கு உதவுவது."

இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். கோபத்தில் உண்மை இருக்கிறது. படகு இல்லமும் பூங்காவும் திட்ட அறிக்கையில் கடைசி அத்தியாயமாக வருவது பெரும்பாலும் இனிப்பாகத்தான். ஊர் மக்களே பூங்கா கேட்டார்கள் என்று ஒரு மனு கோப்பில் இருந்தால், ஊர் மக்கள் அணைக்குச் சம்மதித்தார்கள் என்று வாசிக்க யாருக்கும் நேரமாகாது. என் கேம்ப் வாழ்க்கையில் நான் கற்றது, கோப்பில் போகிற தாள் எழுதியவன் நினைத்த பொருளில் திரும்பி வராது என்பதுதான்.

ஆனால் வாய் மூடி இருந்தாலும் அந்த அத்தியாயத்தை யாரோ ஒருவர் எழுதத்தான் போகிறார், மேட்டூர்ப் பூங்காவைப் பார்த்து. ஆகவே இரண்டையும் இரண்டு தாளில் கொடுங்கள். முதல் தாள்: அணை வேண்டாம், காரணம் இவை. இரண்டாவது தாள் கோரிக்கை ஆகக் கூடாது, ஆட்சேபணையாக இருக்க வேண்டும். "இந்தத் திட்ட அறிக்கையில் கேளிக்கை வசதி என்று காட்டியிருப்பது இந்த நீர்மட்டத்தில் நடக்காது, இந்த இந்தக் காரணத்தால் ஆபத்து" என்று. நான் மேலே எழுதியதெல்லாம் அந்தத் தாளுக்குச் சரக்கு. தலைப்பு மாறினால் அதே வரி வேறு வேலை செய்யும்.

இவ்வளவு பெரிய மின்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி டெல்லியில்தான், ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டம் இங்கே. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும், கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: கூட்டம் முடிவில் பதிவானதைத் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். வாசிக்கும்வரை கிளம்பாதீர்கள். மதியச் சாப்பாட்டு வண்டி வந்ததும் கூட்டம் கலைவது நம் ஊர் பழக்கம்.

குடில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி: மலைப்பகுதியில் கட்டடங்களுக்கு அனுமதி பார்க்கிற ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள கிராமமா என்று முதலில் பாருங்கள்.

22 மார்ச்

கொடைக்கானல் நண்பர் பேரிஜத்தைக் காட்டியிருக்கிறார். நல்ல எடுத்துக்காட்டு. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டு வழியே போக வேண்டும், பெரியகுளத்துக்குக் குடிநீர் அங்கிருந்து, படகு கிடையாது. ஆனாலும் சீட்டுக்கு வரிசை நிற்கிறார்கள். அதே மலையில் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில் படகு, குதிரை, சைக்கிள், சோளக்கதிர் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் ஆள் போகிறார்கள். படகு இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்ற வாதம் இதோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

பேரிஜத்தில் வேலை செய்வது ஏரியின் அழகு மட்டும் இல்லை, வாசலில் இருக்கிற தடுப்புக் கம்பி. எத்தனை வண்டி, எத்தனை மணி வரை என்று ஒருவர் எண்ணுகிறார். சில்லஹல்லாவில் அப்படி ஒரு கம்பி வைக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஊர் இருக்கிறது, கேரட் லாரி போக வேண்டும். சுற்றிலும் ஹட்டிகள் உள்ள பள்ளத்தாக்குக்குப் பேரிஜத்தைப் பொருத்தினால் கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அடையாள அட்டை காட்டி வீட்டுக்குப் போக வேண்டிவரும்.

23 மார்ச்

தம்பி, தனிச்செய்தியில் அனுப்பிய வரைவைப் படித்தேன். பத்தி மூன்றில் "பார்வைக் கோபுரம்" இன்னும் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். எதிர்ச் சரிவில் உங்கள் ஹட்டியின் கோயில் மேட்டிலிருந்தே முழுப் பள்ளத்தாக்கும் தெரிகிறதே. மட்டக் கணக்கை முதல் பத்திக்குக் கொண்டுபோங்கள். அதில் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டும், மணிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "போதுமான அளவு" என்று பதில் வந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். வண்டல் முகத்தைச் சர்வே எண்ணோடு குறியுங்கள், கிராம நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் கிடைக்கும். எழுத்துப்பிழை நிறைய, அதை அக்கா பார்த்துக்கொள்வார். கையெழுத்துக்கு ஹட்டியில் பெண்களையும் கேளுங்கள், வரைவில் இருப்பதெல்லாம் ஆண் பெயராக இருக்கிறது; காலையில் இருட்டோடு அந்த ஓடையைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அவர்கள்தானே.